குழுவினர்

ஓல்ட்டனில் இரவு பதினொன்றுக்குத் துவங்கும் வேலை.
மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள்
வெந்து வெளியே வரும்.
இருவர் இருவராக நின்று மடிக்க வேண்டும்.
முனையைப் பிடி, விலகு, உதறு,
கிட்ட வா, கொடு.
ஒரு சொல்லும் தேவையில்லை இதற்கு.
ஆனாலும் விடியும்வரை கதைக்கிறோம்,
உடைந்த ஜெர்மனில்,
பாடகிகளைப் பற்றி.

விதி போட்டவள் கிராசா.
ஆளுக்கொரு பாட்டு, பெண்குரல் மட்டும்.
ஆண்களின் சத்தம் வீட்டில் கேட்டது போதும் என்றாள்.
சவர்க்காரத் தூள் வாளியின் மேல் ஸ்பீக்கர்.
யார் பெரிய பாடகி என்பதை
விரிப்புக் கணக்கில் அளக்கிறோம்.

கிராசாவின் இடலினாவுக்குப் பதினாலு விரிப்பு.
நடுவில் ஒரு சொல்லை
விடமாட்டேன் என்று இழுத்துக்கொண்டே போவாள்.
அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன்.
ஒன்றுமில்லை, அது ஒரு தெருவின் பெயர்,
என்றாள் கிராசா, மூக்கை உறிஞ்சி.

அப்ரெஹெத்தின் பாடகி
கல்யாண வீடுகளில் மட்டும் பாடியவள்.
இருப்பது ஒரே ஒரு ஒலிநாடா.
அதிலும் பின்னால் யாரோ தட்டைப் போட்டு உடைக்கிறார்கள்.
அந்த இடம் வரும்போது
நாலு பேரும் கையை நிறுத்துவோம்.
தட்டு விழும்.
மறுபடி உதறுவோம்.

பெசார்த்தா சின்னவள். அவளுடைய ஆள்
மூன்று நிமிடத்துக்குள்
முன்னாள் காதலர் மூவரைத் திட்டி முடித்துவிடுவாள்.
ஆறு விரிப்புத்தான்.
ஆனால் ஆறும் கத்தி மடிப்பு.

என் முறை வந்தால் மழுப்புவேன்.
பாட்டு இருக்கிறது, பெயர்தான் இல்லை.
பல்லவி பாடியவளுக்குப் பெயர் உண்டு,
பொன்னாடை உண்டு, பட்டம் உண்டு.
நான் சொல்வது அவளையல்ல.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
வயலின்கள் ஒதுங்கி வழிவிட
நாலு விநாடி ஒருத்தி 'ம்' என்பாள்.
அவ்வளவுதான்.
ஒரு விரிப்பை உதறத்தான் நேரம், மடிக்க ஏலாது.
வானொலியில் எல்லாப் பெயரும் வாசித்தபின்
அறிவிப்பாளர் குரலை இறக்கி
ஒரு சொல் சொல்வாரே,
அந்தச் சொல்லுக்குள் எங்கோ நிற்கிறாள் அவள்.

பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்றார்கள்.
சொன்னேன்:
குழுவினர்.

இயந்திரப் பழுது எழுதும் வெள்ளைப் பலகையில்
பெசார்த்தா அதை எழுதினாள், இரண்டு எழுத்துப் பிழையுடன்,
இடலினாவுக்குக் கீழே.
எத்தனை வயது? கல்யாணமானவளா?
நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
ஸ்டூடியோவுக்கு பஸ்ஸில் வருவாள்,
ஒலிப்பதிவுக்கு முதல்நாள் தயிர் தொடமாட்டாள்,
செருப்பைக் கழற்றாமல் பாடமாட்டாள்.
பொய்தான்.
சொல்லச் சொல்ல
அவளுக்குக் கால் முளைத்தது.

பிறகு ஒரு மாசிமாத இரவு
நான் வேறொரு பாட்டுப் போட்டேன், வேறு படம்.
அப்ரெஹெத் விரிப்போடு அப்படியே நின்றாள்.
பின்னால் கேட்கிறதா, அது உன் குழுவினர், என்றாள்.
இல்லை, இது வேறு ஆட்கள் என்றேன்.
அதே மூச்சு, என்றாள்,
மேலே ஏறுமுன் கொஞ்சம் பயப்படுகிறாள் பார்.
மறுபடி போட்டேன்.
பயப்படத்தான் செய்தாள்.
இருபது வருடம் கேட்ட எனக்குத் தெரியவில்லை.

கிராசா கேட்டாள்,
அப்படியென்றால் எத்தனை பாட்டுப் பாடியிருக்கிறாள் இவள்?
யோசித்தேன்.
அநேகமாக எல்லாம், என்றேன்.
கைதட்டினார்கள். அன்று
இடலினாவுக்கு மேலே ஏற்றினார்கள் அவளை.

ஐந்தரைக்கு லாரி வந்தது.
சாரதி நீட்டிய தாளில்
'மடித்தவர் பெயர்' என்ற கட்டத்தில்
வழக்கம்போல எழுதினேன்:
இரவுக் குழு.
பனிமூட்டத்தில் மேடை எண்கூடத் தெரியவில்லை.
பெசார்த்தா அந்த நாலு விநாடியை
சுருதி தவறி முனகியபடி
பீல் ரயிலில் ஏறினாள்.
கதவு சாத்தியபின்னும்
உதடு அசைந்துகொண்டிருந்தது.